கொட்டுவது ஒன்று, கொல்வது ஒன்று

(பெருந்துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



கழிவுநீரில் குளோரின் எவ்வளவு தூரம் கிருமியைக் கொல்கிறது என்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். பேசுவதற்குப் பெருந்துறையை விடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. ஒரு காலத்தில் பெருந்துறை என்றாலே காசநோய் சானடோரியம்தான் நினைவுக்கு வரும். இன்று இங்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஊருக்குத் தெற்கே சிப்காட் தொழில் வளாகம். அதில் சாய ஆலைகள், தோல் ஆலைகள், அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள். நடுவே கீழ்பவானி வாய்க்கால். நோயாளியின் கழிவு, ஆலையின் கழிவு, வீட்டின் கழிவு, பாசனத் தண்ணீர் ஆகிய நான்கும் சில மைல் சுற்றளவுக்குள் இருக்கின்றன. நான்கின் நடுவிலும் குளோரின் ஏதோ ஒரு வடிவில் புழங்குகிறது: சிலிண்டரில் வாயுவாக, கேனில் ஹைப்போவாக (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலாக), மூட்டையில் ப்ளீச்சிங் பவுடராக.

தண்ணீரில் குளோரின் கலப்பது நமக்கு இரவல் வந்த யோசனை மட்டுமல்ல. குளோரின் வாயுவைத் திரவமாக்கி அடைத்து வைத்துக் குடிநீரைச் சுத்தம் செய்யலாம் என்று 1903இல் எழுதியவர் நெஸ்ஃபீல்டு. அவர் அன்றைய இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். அமெரிக்காவில் ஜெர்சி சிட்டி தன் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கியது 1908இல்தான். அன்று முதல் குளோரின் காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அந்த வெற்றி முழுவதும் குடிநீரில், அதாவது ஏற்கெனவே ஓரளவு தெளிந்த நீரில், கிடைத்த வெற்றி. அதே நம்பிக்கையை அப்படியே தூக்கிக் கொண்டுபோய்க் கழிவுநீர்த் தொட்டியில் வைத்துவிட்டோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நான் சொல்ல வந்தது ஒரே கருத்து. கழிவுநீரில் கிருமி சாகுமா சாகாதா என்பது குளோரின் தொட்டிக்கு வரும் முன்பே பெருமளவு முடிவாகிவிடுகிறது. முந்தைய தொட்டிகள் தங்கள் வேலையைச் செய்திருந்தால் கொஞ்சம் குளோரின் போதும். செய்யாவிட்டால் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் போதாது. இதை ஆறு பகுதிகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. கொட்டும் பொருள் வேறு, கொல்லும் பொருள் வேறு

வாயுவோ ஹைப்போவோ பவுடரோ, எதைப் போட்டாலும் தண்ணீரில் கடைசியில் கிடைப்பவை இரண்டு: ஹைப்போகுளோரஸ் அமிலம், ஹைப்போகுளோரைட் அயனி. இரண்டும் குளோரின்தான், ஆனால் திறனில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அமில வடிவத்துக்கு மின்னூட்டம் இல்லை; பாக்டீரியாவின் சுவரை எளிதாகக் கடந்து உள்ளே போய் நொதிகளைச் சிதைக்கும். அயனிக்கு எதிர் மின்னூட்டம். பாக்டீரியாவின் மேற்பரப்பிலும் எதிர் மின்னூட்டமே இருப்பதால் அது வெளியிலேயே தடுக்கப்படும். அமில வடிவம் அயனியைவிட 70 முதல் 80 மடங்கு வலியது என்று பொதுச் சுகாதாரப் பாடநூல்கள் சொல்கின்றன.

எந்த வடிவம் எவ்வளவு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் பி.ஹெச். அளவு. 7.5இல் பாதிக்குப் பாதி. 6.5க்கு இறங்கினால் பத்தில் ஒன்பது பங்கு அமிலம். 8.5க்கு ஏறினால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சாய ஆலைக் கழிவு சோடா உப்பும் காரமும் சேர்ந்து வருவது. நம் பகுதி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ பல இடங்களில் கடினமும் காரமுமானது. இதில் ஹைப்போவையும் பவுடரையும் சேர்த்தால் பி.ஹெச். இன்னும் மேலே போகும். வாயுவைச் சேர்த்தால் இறங்கும். ஆகவே இரண்டு நிலையங்கள் ஒரே அளவு குளோரின் வாங்கிச் செலவழித்தாலும், ஒன்றில் கிருமி செத்திருக்கும், இன்னொன்றில் பிழைத்திருக்கும். கொள்முதல் பில்லில் இந்த வித்தியாசம் தெரியாது.

2. கிருமிக்கு முன் அம்மோனியா

குளோரினுக்குக் கிருமியைத் தேடிப் போகும் குணம் கிடையாது. எதிரே வருவது எதுவானாலும் வினைபுரியும். கழிவுநீரில் எதிரே வருபவை சல்பைடு, இரும்பு, கரைந்த கரிமப் பொருள். எல்லாவற்றுக்கும் மேலாக அம்மோனியா. அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரின் குளோரமினாக மாறும். குளோரமினும் கிருமிநாசினிதான், ஆனால் மிக மெதுவானது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் குடிநீர் அட்டவணையைப் பாருங்கள். 20 பாகை வெப்பத்தில் வைரஸ்களை 99.99 சதவீதம் செயலிழக்கச் செய்ய, அம்மோனியாவோடு சேராத தனிக் குளோரினுக்கு 3 அலகு போதும். குளோரமினுக்கு 746 அலகு வேண்டும். அந்த அலகு என்ன என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன். இப்போதைக்கு விகிதத்தை மட்டும் மனத்தில் வையுங்கள்: ஏறக்குறைய 250 மடங்கு.

அம்மோனியா முழுவதையும் தீர்த்துவிட்டுத் தனிக் குளோரின் மிஞ்சத் தொடங்கும் இடத்தை முறிவுப் புள்ளி என்கிறோம். அதைத் தொட ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குக் கணக்குப்படி 7.6 கிராம் குளோரின் தேவை. நடைமுறையில் இன்னும் கூடும். இதைக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறிய நகரத்தின் நிலையம், நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 25 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன். வீட்டுச் சாக்கடைக்கு இது வழக்கமான அளவுதான். ஒரு நாளைக்கு 25 கிலோ நைட்ரஜன் ஆகிறது. அதற்கு 190 கிலோ குளோரின். ப்ளீச்சிங் பவுடரில், அதுவும் புதிதாக வந்த நல்ல பவுடரில், கிடைக்கும் குளோரின் 33 சதவீதம். ஆக 576 கிலோ பவுடர்; 25 கிலோ மூட்டையில் 23 மூட்டை. இது ஒரு நாளைக்கு. எந்தப் பேரூராட்சியும் இதைச் செய்யாது, செய்யவும் முடியாது.

அதே தண்ணீரைக் காற்றூட்டும் தொட்டியில் போதிய நேரம் வைத்து, அங்கே வாழும் பாக்டீரியாக்களைக் கொண்டே அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றி, லிட்டருக்கு 1 மில்லிகிராமாகக் குறைத்தால் என்ன ஆகும்? அம்மோனியாவுக்காகச் செலவாகும் பவுடர் 23 கிலோ. ஒரு மூட்டைக்கும் குறைவு.

23 மூட்டையை ஒரு மூட்டையாக்கியது குளோரின் தொட்டி அல்ல, அதற்கு முந்தைய தொட்டி. கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் ப்ளோயரை நிறுத்தி வைத்தால், மிச்சமான மின்சாரச் செலவு பவுடர் செலவாகத் திரும்பி வரும். பவுடரும் வாங்காவிட்டால் கிருமியாக வெளியே போகும். கோவை உக்கடத்தில் நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கொள்ளளவில் இருக்கும் நிலையத்தைப் போன்றவற்றில் ஒரே தொட்டியில் காற்றூட்டலும் படிதலும் மாறி மாறி நடக்கும். அந்தச் சுழற்சி சரியாக நடந்தால்தான் கடைசியில் இருக்கும் குளோரின் தொட்டிக்கு அர்த்தம் உண்டு.

3. நேரமும் ஒரு மருந்து

1908இல் லண்டனில் ஹாரியட் சிக் என்ற பெண் விஞ்ஞானி கிருமி சாகும் வேகத்தை ஆராய்ந்து விதி எழுதினார். அதே ஆண்டு வாட்சன் அதில் மருந்தின் செறிவையும் சேர்த்தார். இன்று நாம் பயன்படுத்தும் கணக்கு அங்கிருந்து வந்தது: லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கிறதோ அதை, அது எத்தனை நிமிடம் தண்ணீரோடு இருந்ததோ அதனால் பெருக்க வேண்டும். மேலே 3 என்றும் 746 என்றும் சொன்னவை இந்தப் பெருக்குத் தொகைகள்தான். செறிவு பாதியானால் நேரம் இரட்டிக்க வேண்டும். நேரத்தை விட்டுவிட்டுச் செறிவை மட்டும் பேசுவது பாதிக் கணக்கு.

இதை நம் பகுதியே ஒருமுறை கண்ணால் பார்த்தது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில், கொரோனா பரவிய நேரத்தில், திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கப்பாதை அமைத்தார்கள். கையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் சில நொடிகள் ஹைப்போ கரைசல் தெளிக்கும். நாடு முழுக்க அதைப் பார்த்துப் பல ஊர்கள் அமைத்தன. அந்த மாதம் 18ஆம் தேதியே மனிதர்கள்மேல் இப்படித் தெளிக்கக் கூடாது என்று மத்தியச் சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது. கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல் என்பது ஒரு காரணம். எந்தப் பயனும் இல்லை என்பது இன்னொன்று. தோல் தாங்கும் மென்மையான கரைசலைச் சில நொடிக்குத் தெளித்தால் பெருக்குத் தொகை எங்கே வரும்?

தொட்டியிலும் இதே பிழை வேறு உருவத்தில் நடக்கிறது. வரைபடத்தில் 30 நிமிடத் தொடர்பு நேரம் என்று இருக்கும். ஆனால் தொட்டி வெறும் சதுரமாக இருந்தால் உள்ளே வரும் தண்ணீர் குறுக்கு வழியில் நேராக வெளிவாயைப் பார்க்கப் போய்விடும். மூலைகளில் தேங்கும் தண்ணீர் அப்படியே கிடக்கும். தடுப்புச் சுவர்கள் வைத்துத் தண்ணீரை வளைந்து வளைந்து போக வைத்தால்தான் காகிதத்தில் உள்ள 30 நிமிடம் தொட்டியில் கிடைக்கும். அதுவும் காலை ஆறரை மணிக்கு ஊரே குளிக்கும் நேரத்து வரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும், நாள் முழுவதின் சராசரியை வைத்து அல்ல.

செறிவை ஏற்றுவதால் மட்டும் பயனில்லை என்பதை அரசு விதிகளும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள், மருத்துவமனையில் வேதிமுறைச் சுத்திகரிப்புக்குக் குறைந்தது 10 சதவீத ஹைப்போ என்று முதலில் கேட்டன. 2018 திருத்தத்தில் அது 1 முதல் 2 சதவீதமாகக் குறைந்தது. மாறாமல் நின்றது 20 நிமிடம் என்ற நேரம்.

4. முதலில் சாவதை வைத்துக் கடைசியில் சாவதை அளக்க முடியாது

நாம் கழிவுநீரின் தரத்தை மலக்கோலிபார்ம் எண்ணிக்கையால் அளக்கிறோம். 2017ஆம் ஆண்டின் மத்திய அறிவிக்கை 100 மில்லிலிட்டருக்கு 1000க்குக் கீழ் என்றது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 230 ஆக இறுக்கியது. இந்த அளவுகோல் தேவைதான். ஆனால் அதன் எல்லை எது என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும்.

தெளிந்த நீரில், தனிக் குளோரினில், 99.9 சதவீதம் கொல்லத் தேவையான பெருக்குத் தொகைகளை வரிசையாகச் சொல்கிறேன். ஈ.கோலைக்குக் கால் அலகுகூட வேண்டாம். வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியாவுக்கு 45 அளவில். கிரிப்டோஸ்போரிடியத்துக்கு 15,300. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வைத்தால் இந்தக் கடைசித் தொகைக்குப் பத்தரை நாள் தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டும். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இந்தக் கிரிப்டோஸ்போரிடியத்தால் நாலு லட்சம் பேருக்கு மேல் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். அங்கே குழாயில் வந்தது குளோரின் கலந்த தண்ணீர்தான்.

பெருந்துறைக்கு நெருக்கமான உதாரணம் காசநோய்க் கிருமியின் குடும்பம். இந்த மைக்கோபாக்டீரியங்களின் சுவர் மெழுகு போன்ற கொழுப்பால் ஆனது. நீரில் கரைந்து வரும் எதையும் எளிதில் உள்ளே விடாது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மைக்கோபாக்டீரியம் ஏவியத்தை 99.9 சதவீதம் கொல்ல 51 முதல் 204 அலகு வரை தேவை என்று கண்டது, ஈ.கோலைக்கு வேண்டியதைப்போல் 500 மடங்குக்கு மேல். சானடோரியங்களின் சாக்கடையில் உயிருள்ள காசநோய்க் கிருமி இருப்பதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கண்டிருந்தார்கள். காசநோய் முக்கியமாகக் காற்றில் பரவுவது என்பதால் அச்சம் வேண்டியதில்லை. ஆனால் கோலிபார்ம் சோதனையில் தேறிய நீர் மருத்துவமனையின் எல்லாக் கிருமிக்கும் தேறிவிட்டது என்று மருத்துவ மாணவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

உழவர்களுக்கு இன்னும் முக்கியமானது குடற்புழுவின் முட்டை. உருண்டைப்புழு முட்டையின் ஓட்டைக் கழிவுநீரில் போடும் அளவுக் குளோரின் ஒன்றும் செய்யாது. சுத்திகரித்த நீரில் கீரையும் காய்கறியும் விளைவிப்பதானால் லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்த முட்டையை நீக்கும் வழி எளிது. அது கனமானது, தானே அடியில் படியும். குளத்தில் எட்டுப் பத்து நாள் நிற்கவிட்டாலோ, நல்ல மணல் வடிகட்டி வைத்தாலோ போதும். கிரிப்டோஸ்போரிடியத்துக்குப் புற ஊதா விளக்கு இருக்கிறது. மிகக் குறைந்த அளவிலேயே அடங்கிவிடும். ஆனால் தண்ணீரில் சாயமோ கலங்கலோ இருந்தால் அந்த ஒளியும் ஊடுருவாது. எந்த ஆயுதத்தை எடுத்தாலும் முதலில் தண்ணீர் தெளிய வேண்டும் என்ற இடத்துக்கே திரும்பி வருகிறோம். கலங்கல் துகளுக்குள் ஒளிந்திருக்கும் பாக்டீரியாவைக் குளோரின் பார்ப்பதே இல்லை.

5. மஞ்சள் வந்தால் போதுமா?

எந்த நிலையத்துக்குப் போய்க் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “பவுடர் போட்டாச்சுங்க.” பதிவேட்டிலும் கிலோ எழுதியிருக்கும். கிலோவை நம்ப முடியாததற்கு முதல் காரணம் மூட்டை. வாய் பிரிந்த மூட்டை ஈரக்காற்றை உறிஞ்சி, கட்டி தட்டி, வாடை மட்டும் அடித்துக்கொண்டு கிடக்கும். 33 சதவீதம் என்று அச்சடித்த பையில் அதில் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். ஹைப்போ கேனை நம் ஊர்ப் பங்குனி, சித்திரை வெயிலில் வெட்டவெளியில் வைத்தால் நாளுக்கு நாள் சாரம் இறங்கும். வாடை அடிப்பது வலிமைக்குச் சான்று அல்ல.

இரண்டாவது காரணம் அளக்கும் முறை. குளோரோஸ்கோப் பெட்டியைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, ஆர்த்தோடோலிடின் சொட்டு விட்டதும் மஞ்சள் நிறம் வரும். அதை அட்டையோடு ஒப்பிட்டு எழுதிவிடுவார்கள். ஆனால் முதல் பத்து நொடிக்குள் வரும் மஞ்சள் தனிக் குளோரினுக்கு உரியது. குழாயை அப்படியே வைத்துக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் நிறம் அடர்ந்திருக்கும். அந்தக் கூடுதல் மஞ்சள் குளோரமின். எப்போது பார்த்தோம் என்பதைப் பொறுத்து ஒரே தண்ணீர் தேறும் அல்லது தோற்கும். ஆர்த்தோடோலிடின் உடலுக்குத் தீங்கானது என்பதால் டி.பி.டி. மாத்திரைக்கு மாறுவது நல்லது. அதில் உடனே வரும் இளஞ்சிவப்பு தனிக் குளோரின். பொட்டாசியம் அயோடைடு சேர்த்தபின் கூடும் நிறம் குளோரமின். இரண்டையும் தனித்தனியாக எழுதினால் உங்கள் காற்றூட்டும் தொட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதையும் அந்தச் சோதனையே சொல்லிவிடும். குளோரமின் மட்டும் வருகிறதென்றால் அம்மோனியா தீரவில்லை என்று பொருள்.

6. கொன்ற பிறகு மிச்சம்

கிருமியைக் கொன்றதோடு குளோரின் மறைந்துவிடுவதில்லை. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் மொத்த எச்சக் குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது நம் பொதுத் தரநிலை. நன்னீர் உயிரினங்களைக் காக்க அமெரிக்கா வகுத்திருக்கும் குறுகிய கால அளவு 0.019 மில்லிகிராம். ஐம்பது மடங்கு வித்தியாசம். நம் சட்டப்படி சரியான தண்ணீர் வாய்க்கால் கெண்டைக்குச் சரியில்லாமல் போகலாம். மருத்துவமனைக் கழிவுநீருக்கோ நம் விதிகளே ஒரு கடுமையான சோதனை வைத்திருக்கின்றன: வேறு நீர் கலக்காத அந்தக் கழிவுநீரில் விட்ட மீன்களில் 90 சதவீதம் 96 மணி நேரம் உயிரோடு இருக்க வேண்டும். கிருமி சாகவும் வேண்டும், மீன் பிழைக்கவும் வேண்டும். இரண்டும் நடக்க ஒரே வழி, அளவாகக் குளோரின் போட்டு, நேரம் கொடுத்து, வெளியே விடும் முன் பைசல்பைட் போட்டு மிச்சத்தை நீக்குவது.

சாய ஆலை நண்பர்களுக்கு இது பழகிய வேலை. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக் கழிவால் கெட்டபின், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதன்பின் ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு இந்தப் பகுதி மாறியது. ஆர்.ஓ. சவ்வில் பாசி படியாமல் இருக்க முன்னால் குளோரின் விடுவார்கள். அதே குளோரின் சவ்வைத் தொட்டால் பாலியமைடு படலம் அரித்துப்போகும். அதனால் சவ்வுக்கு முன் பைசல்பைட் விட்டு நீக்கிவிடுவார்கள். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய சவ்வுக்குக் காட்டும் இந்தக் கவனத்தை வாய்க்காலுக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொரு மிச்சமும் உண்டு. கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் முதலிய டிரைஹாலோமீத்தேன்கள் உருவாகும் என்பதை 1974இல் ராட்டர்டாமில் ரூக் என்பவர் கண்டறிந்தார். சாயத்தின் நிறம் போக்க ஹைப்போவை அள்ளி ஊற்றும்போது நிறம் போய்விடும், மூலக்கூறு போகாது. குளோரின் ஏறிய வேறொன்றாக மாறி நிற்கும். கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர் எல்லாம் கழிவு நீங்கிய தண்ணீர் அல்ல.

நிறைவாக

குளோரினைக் கைவிடச் சொல்லவில்லை. விலை மலிவு, எங்கும் கிடைக்கும், மிச்சத்தை அளக்க முடியும். இந்த மூன்றும் சேர்ந்த வேறொரு கிருமிநாசினி நம் கையில் இல்லை. அதைத் தாங்க முடியாத வேலைக்கு அனுப்பாதீர்கள் என்பதுதான் என் வாதம்.

எனவே ஒரு நடைமுறை யோசனையோடு முடிக்கிறேன். மருத்துவமனை, ஆலை, பேரூராட்சி, எந்த நிலையமானாலும் பதிவேட்டில் ‘போட்ட பவுடர் எத்தனை கிலோ’ என்ற பத்திக்கு அடுத்தபடியாக நான்கு பத்திகள் கோடு போடுங்கள்: குளோரின் தொட்டிக்குள் நுழையும் நீரின் பி.ஹெச்., அதன் அம்மோனியா, அதன் கலங்கல், 30 நிமிடம் கழித்து வெளிவாயில் மிஞ்சிய தனிக் குளோரினும் குளோரமினும். முதல் மூன்றும் குளோரின் தொட்டிக்கு முந்தைய வேலையின் மதிப்பெண், நான்காவதுதான் குளோரினுடையது. பொறியியல் மாணவர்கள் ஒரு பருவத் திட்டப்பணியாக இதை எடுத்துக்கொள்ளலாம். மருத்துவ மாணவர்கள் கோலிபார்மோடு புழு முட்டையையும் எண்ணித் தரலாம். உழவர்கள் அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம். தண்ணீர் உங்கள் வயலுக்கு வருகிறதென்றால் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அடுத்த ஆண்டு இதே மேடையில் பேச வருபவரிடம் பெருந்துறை நிலையங்களின் ஓராண்டுக் கணக்கைக் கொடுத்துப் பேச வையுங்கள். அப்போது அவருக்குப் பாடநூல் எண்கள் தேவைப்படாது.